நெடுவலா, சின்னவனா?

என் நெஞ்சைப் பிளந்து தைத்த நாளிலிருந்து என்னோடு சண்டை பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது. பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஆயிரம் குறை சொல்வார்கள். நெஞ்செலும்பு குத்துகிறது, நித்திரை வருவதில்லை, உப்பில்லாத சாப்பாடு தொண்டையில் இறங்குவதில்லை என்பார்கள். எனக்கும் அதெல்லாம் இருந்தது. ஆனால் என்னை வதைத்தது அவை அல்ல. நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் "ஓம்" என்று தலையாட்டியதுதான் என்னை வதைத்தது.

நான் சொல்லும் சண்டை காணிச் சண்டையோ குடும்பச் சண்டையோ இல்லை. பனித்தளத்தில் விளையாடும் ஐஸ் ஹொக்கிச் சண்டை. ரொறன்ரோவில் இருந்துகொண்டு எங்கள் அணியை நேசிப்பது எவ்வளவு பெரிய மனவருத்தம் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. ஒவ்வொரு வருடமும் இந்த முறை வெல்வோம் என்று தொடங்கி, வசந்தம் வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருப்போம். இந்த வருடம் அதற்கும் வழியில்லை. கடைசிச் சுற்றுகளுக்கே போகாமல் படுத்துவிட்டார்கள்.

படுத்ததில் ஒரு நன்மை இருந்தது. கோடை தொடங்கும்போது டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். உலகம் முழுவதும் ஹொக்கி விளையாடும் பதினெட்டு வயதுப் பொடியன்களை அணிகள் முறை வைத்துத் தெரிந்தெடுப்பார்கள். மோசமாக விளையாடிய அணிக்குத்தான் முன்வரிசையில் முறை வரும். எங்கள் அணிக்குப் பல வருடங்களாக முன்வரிசை கிடைத்ததில்லை. கிடைக்கிற முறையையும் யாரோ வயது போன ஆட்டக்காரனுக்காக வேறு அணிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இந்த முறை நல்ல இடம் கிடைத்திருந்தது, கையிலும் இருந்தது. எனக்கும் என் நண்பனுக்கும் அது திருவிழாக் காலம் மாதிரி.

நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மன்னார், வேதக்காரன், மாதா கோயில் ஆள். நான் மட்டக்களப்பு, சைவம். இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் ரொறன்ரோவில் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் ஒரே அறையில் இருந்தோம். எங்களுக்கு முன் இருந்தவர்கள் விட்டுப்போன தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று அங்கே கிடந்தது. அதில் இரண்டு மூன்று சனல்தான் இழுக்கும். சனிக்கிழமை மாலையில் எதைத் திருப்பினாலும் ஹொக்கி. ஆங்கிலமும் சரியாக விளங்காது, ஆட்டமும் விளங்காது, பனிக்கட்டியில் வழுக்கி ஓடும் பக் என்ற அந்தக் கறுப்பு வில்லை எங்கே போகிறது என்றும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் கோல் விழுந்ததற்கு யார் பிழை என்று முதல் கிழமையே இருவரும் சண்டை தொடங்கிவிட்டோம்.

அதன் பிறகு அந்தச் சண்டை நிற்கவே இல்லை. இருவருக்கும் கலியாணமானது, பிள்ளைகள் பிறந்தார்கள். அவன் நகரத்தின் ஓரத்தில் ரூஜ் பக்கத்தில் புது வீடு வாங்கிப் போனான், நான் டோர்செட் பார்க்கிலேயே நின்றுவிட்டேன். கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருவரும் ஒரே ஷிஃப்டில் நின்று, இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சண்டை பிடித்தோம். அவன் கிழக்கு என்றால் நான் மேற்கு. பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், நாங்கள் பங்காளிப் பகையாளிகள் என்று பல காலம் நினைத்திருந்தாராம். எங்கள் இருவரையும் ஒரே காரில் பார்த்த அன்று அவர் ஆச்சரியப்பட்டதை நான் மறக்கவில்லை.

இந்த வருடச் சண்டைக்கு இரண்டு பொடியன்கள். ஒருவன் சுவீடன் நாட்டுத் தடுப்பாட்டக்காரன். மலை மாதிரி உயரம். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் நெடுவல். மற்றவன் மேற்கே சமவெளியில் ஏதோ ஒரு சின்ன ஊரில் பிறந்தவன். விங்கில், அதாவது ஓரத்தால் முன்னேறி, விளையாடுபவன், ஆள் கட்டை, ஆனால் பக் அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். அவன் சின்னவன். நண்பனுக்கு நெடுவல், எனக்குச் சின்னவன். நண்பன் வாசல் நிலையில் தலை முட்டுகிற உயரம், நான் அவனுடைய தோளுக்குத்தான் வருவேன். அதனால்தான் இப்படிப் பிரிந்தீர்கள் என்று என் மனைவி சொல்வாள். அது பொய். சின்னவனின் விளையாட்டை ஒருதரம் பார்த்தவர்களுக்கு வேறு யாரையும் பிடிக்காது.

பங்குனிப் பனி இன்னும் கரையாத ஒரு ஞாயிறு பின்னேரம். ரூஜில் அவனுடைய கராஜில் இருந்தோம். எங்கள் ஆட்கள் பலர் செய்வதுபோல அவனும் காரை வெளியே பனியில் விட்டுவிட்டு, கராஜுக்குள் கம்பளம் விரித்து, பழைய சோஃபாவும் ஹீட்டரும் பெரிய திரையும் வைத்திருந்தான். தொழிற்சாலை நண்பர்கள் இரண்டு பேர் மூலையில் இருந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் நெடுவலின் விளையாட்டுத் துண்டுகளை ஓடவிட்டு நண்பன் பிரசங்கம் செய்தான்.

"எத்தினை வருஷமா சின்னச் சின்னக் கெட்டிக்காரரா எடுத்து எடுத்து என்னத்தைக் கண்டனாங்கள்? கடைசியில ஆரும் ரெண்டு தடியங்கள் வந்து இடிச்சாப் பறந்துபோய் விழுறாங்கள். எங்களுக்குப் பின்னால நிக்க ஒரு ஆள் வேணும்."

"பின்னால நிக்க மரத்தை நட்டு விடன். உந்த நெடுவல் திரும்புறதுக்கிடையில விளையாட்டு முடிஞ்சிடும்."

"அவன் திரும்புறது உனக்குத் தெரியேல்லை எண்டால் கண்ணாடியை மாத்து."

"சின்னவன்தான் வருவான். எழுதி வை. நீயே ஒருநாள் ஒத்துக்கொள்ளுவாய்."

அவன் எழுந்து நின்று, மேசையில் ஓங்கி அடித்துச் சொன்னான்: "செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டன்! நீ செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டன்!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், நல்ல பதில் ஒன்று இருந்தது. சொல் வரவில்லை. யாரோ என் நெஞ்சின்மேல் ஏறிக் குந்தியதுபோல இருந்தது. இடது கை எனக்குச் சொந்தமில்லாமல் போனது. நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து அவன் இன்னும் ஒருதரம் "நீ செத்தாலும்" என்று தொடங்கினான். அதற்குப் பிறகு அவன் முகத்தில் வந்த பயத்தை மட்டும்தான் நான் பார்த்தேன். மற்றதெல்லாம் அம்புலன்ஸ்காரர்களின் கைகளும் வெளிச்சமும்தான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து காலிலிருந்து இரத்தக் குழாய் எடுத்துத் தைத்தார்கள். இருமல் வந்தால் கட்டிப்பிடிக்க ஒரு சின்னத் தலையணை தந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வருத்தம் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பழக்கூடையும் கையுமாக வந்து, என் முன்னால் இருந்துகொண்டு என் மனைவியிடம் என்னைப் பற்றி விசாரித்தார்கள். "அண்ணை இப்ப சாப்பிடுறாரோ? அண்ணைக்குத் தேத்தண்ணி குடுக்கலாமோ?" அண்ணை அங்கேயேதான் இருந்தேன். ஆனால் என்னிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தாங்க முடியாதது அவர்களின் ஒத்துப்போதல். தொழிற்சாலை நண்பர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று வருடம் முழுவதும் கத்தியவன். நான் வேண்டுமென்றே, "பயிற்சியாளரில ஒரு பிழையும் இல்லை" என்றேன். "ஓம் அண்ணை, அவர் பாவம், நல்ல மனுசன்" என்றான். வடை மட்டும் குறையாமல் சாப்பிட்டான். மகள் இந்த நாட்டில் பிறந்தவள், தன் காரோட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னால் பத்துச் சொல் திருப்பித் தருபவள். அவளிடம், நீ ஓட்டுவது ஆட்டோக்காரன் ஓட்டுவதுபோல இருக்கிறது என்றேன். "ஓகே அப்பா, யூ ஆர் றைற், ரிலாக்ஸ்" என்று என் தோளைத் தடவினாள். அன்று எனக்கு வந்த கோபத்தை வெளியில் காட்டவும் வழியில்லை. காட்டினால் தலையணையைக் கொண்டுவந்து தந்துவிடுவார்கள்.

ஆனாலும் எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. உலகமே ஒத்துக்கொண்டாலும் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் வரட்டும், நாலு வார்த்தை ஏசட்டும், எனக்கு உயிர் வந்துவிடும் என்று இருந்தேன்.

அவன் வந்தான். ஒவ்வொரு நாளும் வந்தான். நான் கார் ஓட்டக்கூடாது என்பதால், நெஞ்சு தேறுவதற்கான உடற்பயிற்சி வகுப்புக்கு அவனே என்னை ஏற்றி இறக்கினான். சீற் பெல்ட் நெஞ்சில் உரசக்கூடாது என்று ஒரு துவாயை மடித்து வைத்துவிடுவான். வீதியில் பள்ளம் வந்தால் காரை நடக்கவிடுவான். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தாலும் அவன் அசையமாட்டான். எல்லாம் செய்தான், சண்டை மட்டும் பிடிக்கவில்லை.

"சின்னவன் நேற்று ரெண்டு கோல் அடிச்சிருக்கிறான், பாத்தியோ?"

"ஓம். நல்லா அடிச்சவன்."

"நெடுவலுக்கு முழங்காலில ஏதோ பிரச்சினையாம்."

"ஓம், அப்பிடித்தான் சொல்லினம்."

அவ்வளவுதான். நெடுவலின் முழங்காலைப் பற்றி நான் சொன்னதை ஒரு குழந்தைகூட மறுத்திருக்கும். அது நான் அந்தக் கணத்தில் இட்டுக்கட்டியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பாய்ந்தேன். இது அவளுடைய வேலைதான் என்று எனக்குத் தெரியும்.

"நீதான் எல்லாருக்கும் போன் அடிச்சுச் சொல்லியிருக்கிறாய்."

"ஓம், சொன்னனான்," என்றாள், கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே. "டொக்டர் கோபப்படக் கூடாது எண்டவர். உங்களோட ஒருத்தரும் வாக்குவாதப்பட வேண்டாம் எண்டு எல்லாரிட்டையும் சொன்னனான். ஆனா உங்கட ரூஜ் அண்ணைக்கு மட்டும் சொல்லேல்லை."

"ஏன்?"

"அவரோட சண்டை பிடிக்காட்டி நீங்கள் இருந்தென்ன, போயென்ன? சண்டையைக் கொஞ்சம் மெதுவாப் பிடியுங்கோ எண்டு அவரிட்டக் கேட்கத்தான் போனனான். நான் வாயைத் திறக்க முந்தியே அவர் அழத் தொடங்கீட்டார். நான் ஒண்டும் கேட்கேல்லை."

அவன் அழுதான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நம்பிய பிறகும் எனக்குக் கோபம் குறையவில்லை. இன்னும் கூடியது. என் நெஞ்சு வருத்தத்துக்கு என்னைவிட அவன் ஏன் அதிகம் பயப்பட வேண்டும்?

அடுத்த தடவை வகுப்பு முடிந்து நெடுஞ்சாலையில் வரும்போது அவனைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். வழமைபோல நெரிசல். கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"மச்சான், நான் யோசிச்சுப் பாத்தன். சின்னவனும் வேண்டாம், நெடுவலும் வேண்டாம். போர்த்துக்கல்லில ஒரு கோலிப் பொடியன் இருக்கிறான். அவனைத்தான் முதல் எடுக்கோணும்."

ஹொக்கி தெரிந்த எவனுக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும், அல்லது வயிறு எரியும். போர்த்துக்கல்லில் எங்கே ஹொக்கி? அதிலும் கிடைக்காமல் கிடைத்த முறையைக் கோல்காப்பவனில் போய் வீணாக்குவதா? அவனுடைய தாடை ஒருதரம் இறுகியதைப் பார்த்தேன். வா மச்சான், வா, வெளியே வா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஓம்," என்றான். "நானும் கேள்விப்பட்டனான். நல்ல பொடியன்."

"அப்பிடி ஒருத்தனும் இல்லையடா!" என்று கத்தினேன். நெஞ்சுத் தையல் முழுவதும் இழுத்தது. "அப்பிடி ஒரு நாயும் இல்லை! நான் இப்ப இட்டுக்கட்டினது! நீ என்னை என்னெண்டு நினைச்சனீ? செத்தவனெண்டோ? செத்தவனுக்குத்தான் ஆக்கள் இப்பிடி எல்லாத்துக்கும் ஓம் போடுவினம்!"

அவன் காரை வெளிவழியில் இறக்கி, ஒரு கோப்பிக் கடை வாசலில் நிறுத்தி, என் நாடியைப் பிடித்துப் பார்த்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். வீடு வந்து இறங்கும்போது கதவை அடித்துச் சாத்தினேன். அதற்கும் அவன் ஏசவில்லை.

மறுநாள் அவனுடைய மனைவி தனியே வந்தாள். கையில் சிவப்பரிசிப் புட்டும் எனக்கென்று உப்பில்லாமல் வைத்த மீன்குழம்பும். அதைச் சாப்பிடுவதே ஒரு தண்டனை. கொஞ்ச நேரம் என் மனைவியோடு குசினியில் குசுகுசுத்துவிட்டு என் முன்னால் வந்து இருந்தாள்.

"அண்ணை, அவரோட கோவிக்காதேங்கோ. அவர் நேந்தவர்."

"என்ன நேந்தவர்?"

"ஆஸ்பத்திரியில உங்களை உள்ள கொண்டுபோய்க் கதவைச் சாத்தின உடனை, அந்தக் கொரிடோரிலேயே முழங்காலில நிண்டு மாதாவுக்கு நேந்தவர். நீங்கள் பிழைச்சு வந்தா, இனி வாழ்நாளில ஹொக்கியைப் பற்றி உங்களை எதிர்த்து ஒரு சொல் கதைக்க மாட்டன் எண்டு. ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம், அவருக்கு ஒண்டும் தெரியேல்லை. 'நீ செத்தாலும்' எண்டு தான் சொன்னதாலதான் உங்களுக்கு இது வந்ததெண்டு நினைக்கிறார்."

புட்டுக் கோப்பை என் மடியில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நேர்த்தி எனக்குப் புதிய விஷயமில்லை. காவடி எடுப்பவர்கள், தீ மிதிப்பவர்கள், மொட்டை அடிப்பவர்களுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். ஆனால் ஒருவன் என்னுடைய உயிருக்காக என்னுடைய சண்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு அதைக் கொடுக்க என்ன உரிமை? அதில் பாதி என்னுடையதல்லவா? கண் கலங்கியது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மகளைக் காரெடுக்கச் சொல்லி அன்றைக்கே ரூஜுக்குப் போனேன். அவன் வீட்டு முன் புல்லில் காட்டுப் பூடு பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்து கதவைத் திறந்தான். நான் இறங்காமலே தொடங்கினேன்.

"ஏன்ரா, உனக்கு நேர வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ? மெழுகுதிரி கொழுத்தியிருக்கலாம். யாத்திரை போயிருக்கலாம். காசிக்குப் போறவன்கூடப் பாகற்காயைத்தான் விட்டிட்டு வருவான். நீ இறைச்சியை விட்டிருக்கலாம்."

"இறைச்சி எனக்கு அவ்வளவு விருப்பமில்லை," என்றான். மண் ஒட்டிய கையைப் பார்த்தபடி நின்றான். "விருப்பமானதைத்தானே குடுக்கோணும். எனக்கு வேற என்ன இருந்தது?"

நான் காரை விட்டு மெல்ல இறங்கி அவன் முன்னால் நின்றேன். 

"ஃபாதரிட்டப் போய்க் கேள். நேத்தியை மாத்தலாம்தானே?"

"கேட்டனான். இப்பிடி ஒரு நேத்தியைத் தான் கேள்விப்பட்டதில்லை எண்டார். வேணுமெண்டா வேற ஏதும் நல்ல காரியமா மாத்தித் தாறன் எண்டார். நான்தான் வேண்டாமெண்டிட்டன்."

"ஏன்?"

"நான் குடுத்ததைத் திருப்பிக் கேட்டு, மாதாவும் தான் குடுத்ததைத் திருப்பிக் கேட்டா நான் என்ன செய்வன்?"

அவன் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். அந்த முகத்தைப் பார்த்தபோது, இனி ஒருபோதும் அவன் என்னை எதிர்க்கமாட்டான் என்று எனக்கு விளங்கியது. நான் இருக்கும்வரை இப்படித்தான். நான் எவ்வளவு காலம் இருக்கிறேனோ அவ்வளவு காலமும் அவன் ஓம் போடுவான். இதற்காகவா என் நெஞ்சைத் தைத்தார்கள் என்று திரும்பி வரும்வழியில் நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்பட்டேன், ஆனால் நினைத்தது உண்மை.

டிராஃப்ட் நாள் வந்தது. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை பின்னேரம், வெயில் இன்னும் இறங்கவில்லை. கராஜ் கதவைப் பாதி உயர்த்தி விட்டிருந்தான். அயல் வீடுகளில் புல் வெட்டுகிற சத்தமும் இறைச்சி சுடுகிற மணமும் வந்தன. எனக்கு அவித்த சோளம். தொழிற்சாலை நண்பர்கள் இருவரும் என் மனைவியும் அவன் மனைவியும் இருந்தார்கள். நான் பேசினால் எல்லோரும் ஓம் என்றார்கள், பேசாவிட்டால் என் நெஞ்சைப் பார்த்தார்கள். முறையை வேறு ஏதோ அணிக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி ஓடியது. கொடுத்துத் தொலைக்கட்டும் என்றுகூட எனக்கு இருந்தது.

கொடுக்கவில்லை. முதல் முறைகள் முடிந்து எங்கள் அணியின் முறை வந்தபோது நெடுவலும் இருந்தான், சின்னவனும் இருந்தான். இப்படி ஒரு நிலை வர வேண்டும் என்றுதான் அந்த வருடம் முழுவதும் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். மேடையில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். சின்னவனின் பெயரைச் சொன்னார்.

கராஜில் எல்லோரும் கைதட்டினார்கள். "அண்ணை சொன்னது அப்பிடியே நடந்திட்டுது!" என்றார்கள். திரையில் அந்தச் சின்னப் பொடியன் தாயைக் கட்டிப்பிடித்து அழுதான். அவனுக்குப் போட்ட சட்டை முழங்கால்வரை தொங்கியது. நண்பன் எழுந்து வந்து, என் நெஞ்சில் படாமல் பக்கவாட்டாகக் கட்டிப்பிடித்து, "நீ சொன்னது சரி மச்சான்" என்றான்.

இத்தனை வருடத்தில் அவன் வாயால் அதைக் கேட்க நான் என்னவெல்லாம் செய்திருப்பேன்! கேட்டுவிட்டேன், ஒரு சந்தோஷமும் வரவில்லை. எதிரில் ஆளில்லாமல் கரம்போர்ட்டில் காய் அடித்து வென்றவன்போல இருந்தேன். அடுத்த அணிக்காரர் எழுந்து நெடுவலின் பெயரைச் சொன்னார்கள். நெடுவல் மேடைக்கு ஏறினான். தொப்பி அவன் தலைக்குப் போதவில்லை. நண்பன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் உதடு அசைந்தது, ஏதோ விழுங்கினான், பிறகு குனிந்து கடலைக் கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. யார்மேல் கோபம் என்று தெரியாத ஒரு கோபம். மாதாமேலா, டொக்டர்மேலா, அணியின்மேலா, தெரியவில்லை. வாயில் வந்ததைக் கத்தினேன்.

"விசரங்கள்! சுத்த விசரங்கள்! நெடுவலை விட்டிட்டு உந்தச் சின்னனை எடுத்திருக்கிறாங்கள்!"

 என் மனைவி தலையணையைத் தேடினாள். நண்பன் கோதுகளோடு நிமிர்ந்தான்.

"என்ன சொன்னனீ?"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னேன். "நெடுவலைத்தான் எடுத்திருக்கோணும் எண்டு சொல்லுறன். சின்னவனை எடுத்தது பிழை. நீ என்ன சொல்லுறாய்?"

அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். உறைந்த குளத்தில் முதல் காலை வைப்பவன் பார்க்கிற பார்வை. அவன் கணக்குப் போடுவது தெரிந்தது. எதிர்த்துப் பேசமாட்டேன் என்றுதான் நேர்ந்திருந்தான். ஒத்துப் பேசமாட்டேன் என்று நேரவில்லை.

"ஓம்," என்றான் மெதுவாக. "நீ சொல்லுறது சரி." பிறகு கோதுகளை மேசையில் கொட்டிவிட்டு எழுந்து நின்றான். "நீ சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி! உந்தச் சின்னனை வைச்சு என்ன செய்யப்போறாங்கள்? ஒருத்தன் தோளால இடிச்சா அடுத்த வீதியில போய் விழுவான்! கோல் அடிக்கிறானாம் கோல்! அந்தச் சின்ன ஊரில ஆரோட விளையாடி அடிச்சவன்? பள்ளிக்கூடப் பிள்ளையளோட! பக்கை வைச்சுக்கொண்டு சுத்திச் சுத்தி நிப்பான், ஒருத்தனுக்கும் குடுக்கமாட்டான். பின்னால ஓடி வாறானோ? எங்க வாறான்? களைச்சுப்போய் நிப்பான்!"

எல்லாம் பொய். சின்னவன் பின்னால் ஓடி வருவான். அவனைப்போல ஓடி வருகிற விங்கர் அந்த வருடத்தில் வேறு இல்லை. பக்கைக் கொடுப்பதில் அவனுக்கு நிகர் இல்லை, அதை நிரூபிக்க என்னிடம் பத்து ஆட்டங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் எந்த நிமிடத்தில் என்பதுகூட எனக்குத் தெரியும். அவற்றைச் சொல்லாமல் மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொல் மறுத்தால் போதும், அவன் உட்கார்ந்துவிடுவான், மறுபடியும் கோது பொறுக்கத் தொடங்கிவிடுவான். இனி எப்போதும் என் பொடியனை நானேதான் ஏச வேண்டும். அவனுடைய பொடியனுக்கு நானேதான் வக்காலத்து வாங்க வேண்டும்.

அவன் முகம் சிவந்திருந்தது. கை இரண்டும் காற்றில் பறந்தன. பல மாதமாக அடக்கி வைத்திருந்தவன் மூச்சு வாங்க ஒரு கணம் நின்று, நான் ஏதாவது சொல்வேனா என்று பயத்தோடு என்னைப் பார்த்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம் மச்சான்," என்றேன். "பிறகு?"